சிவப்பு டேக் ஒட்டிய வாள்

எங்கள் கம்பெனியில் இரண்டே வார்த்தையில் உலகம் அடங்கிவிடும். ஓகே, என்ஜி. சரியான பீஸ் ஓகே. குறையுள்ள பீஸ் என்ஜி. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஒரகடத்துக்கு வந்து வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்கு இது தெரியாது. கடைசி இன்ஸ்பெக்ஷன் மேஜையில் உட்கார்ந்திருந்த அக்கா, நான் எடுத்துக் கொடுத்த இரும்புச் சட்டத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "என்ஜி" என்றாள். என் காதில் அது 'எஞ்சி' என்று விழுந்தது. மிச்சம் விழுந்த பீஸ் போலிருக்கிறது என்று நினைத்து, "எஞ்சினத எங்கனக்கா வைக்கணும்?" என்று கேட்டேன். லைன் முழுக்கச் சிரித்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "சரியாத்தான் கேக்கறா. எஞ்சினதுக்கும் ஒரு எடம் வேணும்ல?" என்று சொல்லி, சிவப்பு டேக் ஒன்றை ஒட்டி, காலடியில் இருந்த சிவப்புப் பெட்டியைக் காட்டினாள்.

கார் சீட்டுக்கு அடியில் ஓடுகிற சட்டங்கள் செய்கிற கம்பெனி அது. பிழைப்புக்குப் பார்க்கிற வேலை பலருக்கு ஷிப்ட் முடிந்ததும் யூனிஃபார்மோடு கழன்றுவிடும். அக்காவுக்குக் கழலாது. கேன்டீன் சாம்பார் என்ஜி. எங்கள் ஹாஸ்டல் மாடிப்படி என்ஜி. ஷேர் ஆட்டோவில் ஏறுவதற்கு முன் டயரை ஓர் உதை உதைத்துப் பார்ப்பாள். டிரைவர் முறைத்தால் பதிலுக்கு முறைப்பாள். பெண் பார்க்க வந்த ஒரு மாப்பிள்ளையைக்கூட அப்படித்தான் கழித்தாள். நல்ல வேலை, நல்ல குடும்பம். குறை என்ன என்று கேட்டேன். "தண்ணி குடிச்ச டம்ளர அவங்கம்மா கையில நீட்டறான்டி. பக்கத்துலயே மேஜை கீது. கீழ வெக்கத் தெர்ல. என்ஜி." பெண்ணைப் பெற்ற அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தொட்டில்ல கெடக்கறப்பவே நொட்டை சொன்ன பொண்ணும்மா இது," என்று என்னிடம் முறையிட்டார்.

அக்காவின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் கிடையாது. இதற்கு முன் வேலை பார்த்த கம்பெனியில், தகடு அழுத்துகிற பிரஸ் மெஷினில் போனவை. புதிதாக வருகிறவர்கள் அந்தக் கையை ஓரக்கண்ணால் பார்ப்பார்கள். அக்கா உடனே கையை நீட்டி, "நல்லா பாத்துக்கோ, அப்புறம் வேலையப் பாரு," என்பாள். விரல் போனதால்தான் இவளுக்கு எதைப் பார்த்தாலும் சந்தேகம் என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. அது காதில் விழுந்தால் மட்டும் அவளுக்குக் கோபம் வரும். "வெரல் போறதுக்கு முன்னாடியும் நான் இப்டித்தான்," என்பாள். நான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பென்னலூரில் இருந்த அவள் வீட்டுக்குப் போவேன். சோற்றுக்காகத்தான் போனேன் என்பதை மறைப்பானேன்? ஹாஸ்டல் சாப்பாட்டில் நாக்குச் செத்துப்போயிருந்த எனக்கு, அவள் அம்மா வைக்கும் மீன் குழம்பு சொந்தம்போல இருந்தது. முதல் தடவை போனபோது அக்கா வீட்டில் இல்லை, கொல்லையில் இருக்கிறாள் என்றார் அம்மா. கொல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியின் உயரமான காம்பவுண்டு சுவர். இந்தப் பக்கம் ஒரு முளைக்குச்சி அடித்து, அதில் ஊறவைத்த கோரைப்பாயைச் சுருட்டிக் கட்டி நிறுத்தியிருந்தாள். இரண்டு கையாலும் ஒரு மரக்கழியைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்து நின்றாள்.

"யக்கா, என்ன செய்யுதிய?"

"வாள் கத்துக்கறேன்."

"வாளு எங்க?"

"இன்னும் வாங்கல. மொதல்ல கால் நிக்கணும்."

ஐரோப்பாவில் அந்தக் காலத்துப் போர்வீரர்கள் இரண்டு கையாலும் பிடித்த நீள வாளாம். அதைப்போலவே இப்போது செய்து வாங்கி, பாயையும் தண்ணீர் பாட்டிலையும் வாழைத்தண்டையும் வெட்டிப் பழகுகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்களாம். எல்லாம் போனில் பார்த்துக் கற்றது. நம் ஊரில் இல்லாத வாளா, சிலம்பம் இல்லையா, சுருள்வாள் இல்லையா என்று நானும் எல்லோரையும்போலக் கேட்டேன். "அதெல்லாம் ஒத்தக் கையில சுத்தணும்டி. கடைசி ரெண்டு வெரல்தான் புடி. எனக்கு அதான் இல்ல. இதோட கைப்புடி நீளம், ரெண்டு கைக்கும் எடம் கீது," என்றாள். கைக்குப் பலம் வர ரப்பர் பந்தை அமுக்கச் சொல்லியிருந்தாராம் டாக்டர். "பந்த அமுக்கினா பந்து இன்னா சொல்லப் போவுது? பாய வெட்டினா பாய் சொல்லும்."

பாய் சொல்வதை நான் பிறகு பார்த்தேன். வெட்டு நேராக விழுந்திருந்தால் வெட்டுவாய் வழவழவென்று இருக்கும். மணிக்கட்டு திரும்பியிருந்தால் கோரை பிய்ந்து தொங்கும். ஒவ்வொரு துண்டையும் வெல்டிங் பார்ப்பதைப்போலக் கண்ணருகே வைத்துப் பார்ப்பாள். பாய்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது. ஹாஸ்டலைக் காலி செய்கிற பெண்கள் பாயை விட்டுவிட்டுத்தான் போவார்கள். கல்யாணம் என்று போனவள் பாய், கான்ட்ராக்ட் முடிந்து போனவள் பாய், உடம்புக்கு முடியாமல் அப்பா வந்து அழைத்துப்போனவள் பாய். பிளாஸ்டிக் பாய் என்ஜி, கோரைதான் வேண்டும். அந்தப் பாய்களைச் சுமந்துகொண்டு பஸ் ஏறும்போது எனக்குச் சில நாள் துக்கமாக இருக்கும்.

வாள் தேடி முதலில் போனது குன்றத்தூருக்கு. மலையடிவாரத்துக்குப் போகும் வழியில் ஷீல்டு, சால்வை, கிரீடம் விற்கும் ஒரு கடை. கண்ணாடிக்குள் வரிசையாக வாள்கள் பளபளத்தன. கடைக்காரர் எங்களை மகளிர் அணி என்று எடுத்துக்கொண்டார்.

"வீரவாளாம்மா? எந்தக் கட்சி? வட்டமா, மாவட்டமா? வட்டத்துக்குச் சின்னது போதும். மாவட்டம்னா இத்த எடுத்துக்க, மேடையில எடுப்பா தெரியும்."

அக்கா மாவட்ட வாளை எடுத்தாள். பார்க்கவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு, பிடியைக் காதோரம் வைத்து மெல்லக் குலுக்கினாள். உள்ளே கடகட என்றது.

"உள்ள இன்னாண்ணா ஆடுது?"

கடைக்காரர் நல்ல மனிதர். பிடியின் அடியில் இருந்த குமிழைத் திருகிக் கழற்றிக் காட்டினார். அத்தனை அகலமான வாள், பிடிக்குள் போகும் இடத்தில் பென்சில் தடிமன் கம்பியாகிவிட்டிருந்தது. கம்பியையும் வாளையும் ஒரு பொட்டு வெல்டிங் பிடித்துக்கொண்டிருந்தது. "இத்த வெச்சிக்கினு யாரும்மா வெட்டப் போறாங்க? போட்டோ புடிச்சிட்டு வூட்ல மாட்டிடுவாங்க," என்றார் அவர்.

"தப்பே இல்லண்ணா. மாட்டறதுக்கு இது போதும்," என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தாள். பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு விளக்கினாள். வாளின் இரும்பு அப்படியே பிடியின் அடிவரைக்கும் ஒரே துண்டாகப் போக வேண்டும். இடையில் ஒட்டுப்போட்டது ஒருநாள் வெட்டும்போது விட்டுவிடும். "கையில வெறும் புடி நிக்கும். வாள் பறந்துடும். யார் மேல வுழும்னு அதுக்கே தெரியாது." பளபளப்புக்காகச் செய்த எவர்சில்வர் வாளும் அப்படியே, வளையத் தெரியாது, ஒடியத்தான் தெரியும் என்றாள்.

வாள் ஞானம் முற்றிப்போய், வல்லக்கோட்டை முருகன் சந்நிதியில் நின்றுகொண்டு சாமி கையிலிருந்த வேலைப் பார்த்து யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். "வேலுக்குக் கனம் தலையில நிக்கணும், குத்தறதுக்கு அதான் சரி. வாளுக்குக் கனம் கையண்ட நிக்கணும்," என்று முணுமுணுத்தாள். சாமியிடமே இன்ஸ்பெக்ஷனா என்று நான் அவள் இடுப்பில் கிள்ளினேன்.

கடைசியில் வடக்கே ஒரு பட்டறையைக் கண்டுபிடித்தாள். வெளிநாட்டுக்கு வாள் செய்து அனுப்புகிறவர்கள். நல்ல வாளின் விலை அவளுக்கு ஆனை விலை, குதிரை விலை. ஆனால் பிடியில் சுற்றிய தோல் ஒரு பக்கம் வெளுத்துப்போனதால் ஏற்றுமதிக்குக் கழித்துவிட்ட ஒன்று இருப்பதாகவும், அது ஓவர்டைம் பணத்துக்குள் அடங்கும் என்றும் சொன்னார்கள். பீகாரிலிருந்து வந்து எங்கள் லைனில் வேலை பார்த்த வெல்டர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு வேளையில் வீடியோ கால் போட்டாள். வெல்டர் இந்தியில் கேட்டு, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்.

"அக்கா, எடை ஒன்றரை கிலோக்கு கம்மி சொல்றான்."

"எடை எவ்ளோன்னு நான் கேக்கல. எடை எங்க நிக்குதுன்னு கேளு."

வெல்டர் முழித்தார். நானும் முழித்தேன். "ஒத்த வெரல் மேல படுக்கப் போட்டு நிறுத்திக் காட்டச் சொல்லு," என்றாள். அந்தப் பக்கத்து ஆள் சிரித்தார், பிறகு வாளை நீட்டிய விரலின் மேல் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். பிடிக்கு மேலே நாலு விரல்கடைத் தூரத்தில் வாள் ஆடாமல் நின்றது. நுனிப்பக்கம் கனம் தள்ளி நின்றால் அவளுடைய மூன்று விரல் கையைத் திருகிவிடும். எவ்வளவு இலேசான வாளானாலும் உதவாது. குமிழைக் கழற்றி உள்ளே காட்டச் சொன்னாள். வாளை வளைத்து விடச் சொன்னாள். வில்லாக வளைந்து நேராக நிமிர்ந்தது. கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருந்த பாதிப்பேர் எங்கள் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள்.

வாள் வந்தபிறகும் உடனே வெட்டவில்லை. நாள் கணக்கில் அதைத் தட்டினாள், வளைத்தாள், பிடியை முறுக்கிப் பார்த்தாள். "ஆசையா வாங்கிட்டு ஒடைக்கப் பாக்கறாளே," என்று அம்மா புலம்பினார். வாள் கொல்லையைத் தாண்டி வெளியே போகக் கூடாது, வெட்டும்போது யாரும் பக்கத்தில் நிற்கக் கூடாது என்பது அவள் வைத்த சட்டம். முதல் வெட்டை நானும் அம்மாவும் துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னாலிருந்து பார்த்தோம். பாயின் மேல் பாதி ஒரு கணம் அப்படியே நின்று, பிறகு சரிந்து விழுந்தது. அக்கா துண்டை எடுத்துப் பார்த்தாள். வெளுத்த தோலைத் தடவினாள். "எவனோ ஒரு க்யூசி இத்த என்ஜி பண்ணிருக்கான். பாவம், கண்ணால மட்டும் பாத்துருக்கான்," என்றாள். பிறகு, "ஓகே," என்றாள். அவள் வாயால் அந்தச் சொல்லை இவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அக்கா கான்ட்ராக்டில் இருந்தவள். ஆயுத பூஜை முடிந்ததும் பெர்மனென்ட் ஆகப்போகிறவர்களில் அவள் பெயரும் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு அந்த வேலைதான் உலகம். பெர்மனென்ட் ஆனால் மருத்துவச் செலவைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும், வீட்டுக்குக் கூரை மாற்றலாம், இவள் மாப்பிள்ளைகளைக் கழித்தாலும் பரவாயில்லை என்று மனசைத் தேற்றி வைத்திருந்தார்.

அந்த ஆயுத பூஜைக்கு மேனேஜர் மாற்றலாகிப் போவதாக இருந்தது. லாரி ஓட்டும் கான்ட்ராக்டர் ஒருவர் அவருக்கு வெல்வெட் பெட்டியில் ஒரு வீரவாள் கொடுத்தார். வாளையும் பூஜையில் வைத்து, சந்தனம் குங்குமம் இட்டார்கள். வழக்கமாகப் பூசணிக்காயைக் கேட்டில் போட்டு உடைப்பதுதான் முறை. இந்தத் தடவை அதை ஸ்டூல்மேல் வைத்து மேனேஜர் வாளால் வெட்டினால் போட்டோ நன்றாக வரும் என்று யாருக்கோ தோன்றிவிட்டது. வாளைச் சாணை பிடித்தும் வைத்திருந்தார்கள்.

அக்கா எச்.ஆர். தம்பியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "தம்பி, இது மேடை வாள். வெட்ட வேணாம்னு சொல்லு."

அவர் சிரித்தார். "தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சிப் பாக்கலாமாக்கா?"

"பல்லப் பாக்கல. கொம்பப் பாக்கறேன். சுத்தி ஆளுங்க நிக்கறாங்க."

"ஒரே ஒரு வெட்டுக்கா. போட்டோக்கு."

கற்பூரம் ஏற்றியாகிவிட்டது. ஸ்டூலைச் சுற்றி முழு ஷிப்டும் நின்றது, சில பெண்கள் குழந்தைகளையும் கூட்டிவந்திருந்தார்கள். மேனேஜர் வாளை எடுக்கக் கை நீட்டினார். அக்கா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். சட்டைப்பையிலிருந்து சிவப்பு டேக்கை எடுத்து, சந்தனப் பொட்டுக்குப் பக்கத்தில், வாளின் மேல் ஒட்டினாள்.

சாமிக்கு முன்னால் வைத்த பொருள் அது. அதில் போய் என்ஜி என்று ஒட்டிவிட்டாள். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெண் "ஐயையோ" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா இது?" என்றார் மேனேஜர்.

"புடிக்குள்ள இன்னா கீதுன்னு யாரும் பாக்கல சார். பாக்காதத நான் வுட மாட்டேன்."

மேனேஜர் அவள் கையை ஒரு தடவை பார்த்தார். வாளைத் தொடாமல் பின்வாங்கினார். பூசணிக்காயை எப்போதும்போலக் கேட்டில் போட்டு உடைத்தார்கள். பொரி கொடுத்தார்கள். அக்காவுக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, நான் உட்கார்ந்தேன். பொரியைக்கூட இரண்டு விரலால் எடுத்துப் பார்த்துத்தான் வாயில் போட்டாள்.

பெர்மனென்ட் பட்டியலில் அவள் பெயர் வரவில்லை. கான்ட்ராக்டும் நீளவில்லை. காரணம் என்று எதுவும் யாரும் சொல்லவில்லை, அவளும் போய்க் கேட்கவில்லை. பிரச்சினை என்னவென்றால், நடக்காமல் தடுத்ததை யாருக்கும் காட்ட முடியாது. பூஜையில் அபசகுனம் செய்தது மட்டும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. மேனேஜர் வாளை எடுத்துப்போகவில்லை. டேக் ஒட்டிய வாளை வேறு யாரும் தொட விரும்பவில்லை. கடைசி நாள் அக்கா அதைக் கேட்டபோது, பீடை ஒழிந்தது என்று கேட் பாஸ் போட்டு அவளிடமே கொடுத்துவிட்டார்கள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் பென்னலூருக்குக் கடைசியாகப் போனது. பிறகு அந்தக் கொல்லையும் வீடும் விலைக்குப் போய்விட்டன. அம்மாவும் மகளும் அரக்கோணம் பக்கம் உறவுக்காரர்களிடம் போனதாகக் கேள்வி. போன் நம்பர் மாறிவிட்டது. இப்போது இன்ஸ்பெக்ஷன் மேஜையில் நான் உட்கார்ந்திருக்கிறேன். அவளை நினைக்காத நாள் இல்லை.

அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை மூன்று பாய்களை ஊறப்போட்டு வைத்திருந்தாள். என்னையும் அம்மாவையும் துவைக்கும் கல்லுக்குப் பின்னால் உட்காரச் சொன்னாள். வீரவாளை எடுத்தாள். டேக் அதிலேயே இருந்தது. தன் வேலையைத் தின்ற பொருளை அவள் சோதிக்கப் போகிறாள் என்று எனக்குப் புரிந்தது. ஒடிந்துவிடு, ஒடிந்துவிடு என்று மனசுக்குள் வல்லக்கோட்டை முருகனை வேண்டினேன். ஒடிந்தால் போதும், அவள் சொன்னது சரி என்று ஆகிவிடும்.

வெட்டினாள். வாள் பாயில் பாதிவரை போய் நின்றது. ஒடியவில்லை. பிடுங்கி எடுத்து மறுபடி வெட்டினாள். பாய் விழுந்தது. இரண்டாவது பாயைக் கட்டினாள். உடம்பின் பலம் முழுக்கத் திரட்டி வீசினாள். பிடி கடகட என்றது, அவ்வளவுதான். வாள் முழுசாக இருந்தது.

அம்மா எழுந்தார். அதுவரை அடக்கி வைத்திருந்தது எல்லாம் வெடித்தது. "பாத்தியா? ஒடயல. நல்லாத்தான கீது? இதுக்காடி வேலைய வுட்ட? ஒரே ஒரு பூசணிக்கா! வெட்டிட்டுப் போயிருப்பாரே அந்த மனுசன்!"

அக்கா வாளைத் துடைத்தாள். மூலை பெயர்ந்திருந்த டேக்கைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். பிறகு தன் வலது கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"அந்த பிரஸ்ல, கை உள்ள போனா மெஷின் நிக்கறதுக்கு ஒரு சென்சார் கீது. தெனமும் காலைல அத்த செக் பண்ணணும். அன்னிக்கு நான்தான் பண்ணேன். கட்டைய வுட்டுப் பாத்தேன், நின்னுச்சு. இன்னொரு வாட்டி வுட்டேன், நின்னுச்சு. மறுபடி வுட்டேன், நின்னுச்சு. என் கை உள்ள போனப்ப நிக்கல." விரல் இல்லாத இடத்தைத் தடவினாள். "ஓகே போட்டது நான்தாம்மா."

அந்தப் பழைய கம்பெனி மேல்தான் அம்மா இத்தனை காலம் மண்ணை வாரித் தூற்றிக்கொண்டிருந்தார். இது அவருக்கும் அன்றைக்குத்தான் தெரியும் என்பது அந்த முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. கல்லுக்குப் பின்னாலிருந்து வந்தார். மகளின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமோ அப்படியே நின்றார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு பாய் ஊறிகினு கீது. சுத்தித் தரட்டா?" என்று கேட்டார்.

அக்கா தலையாட்டினாள். வீரவாளைச் சுவரோரம் சாய்த்துவிட்டு, உள்ளே போய்த் தன் வாளை எடுத்துவந்தாள். அம்மா தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுப் பாயை எடுத்து, தரையில் மண்டியிட்டு, இறுக்கமாகச் சுருட்ட ஆரம்பித்தார்.